அரை டேங்கர் தண்ணீர்

“மூணே வாரம் மேடம். கையில லைசென்ஸ். மறுநாளே வேலை. வேற எவனாவது இப்படித் தர்றானான்னு விசாரிச்சுட்டு வாங்க!”

ஆள் எடுக்கும் அதிகாரி இரண்டு கைகளையும் விரித்துச் சிரித்தார். அவர் முதுகுக்குப் பின்னால், சுவர் முழுக்க, கம்பெனியின் புத்தம் புது லாரி ஒன்றின் படம். அந்த லாரியில் ஒரு தூசி இல்லை. ஓட்டுநர் இருக்கையில் ஆளும் இல்லை.

எதிரே உட்கார்ந்திருந்தவள் சிரிக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டியவள். பிள்ளைகள் ‘வேன் அக்கா’ என்று கூப்பிட, பிள்ளைகளின் அம்மாக்களும் அப்படியே கூப்பிட, கடைசியில் தெருவுக்கே வேன் அக்கா ஆகிப்போனாள். போன மாதம் பள்ளிக்கூடம் பெரிய பஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. வேன் இருந்தது. அக்கா இருந்தாள். ஏறுவதற்குத்தான் பிள்ளைகள் இல்லை.

கணவர் இல்லை. நெஞ்சுவலி கொண்டுபோய் நாலு வருடமாகிறது. எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஒருத்தி.

“பயிற்சி இலவசம். சரி. அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் எங்க வண்டிதான் ஓட்டணும். மூணு வாரம் ரோடு, நாலு நாள் வீடு. நடுவுல விட்டுட்டுப் போனா பயிற்சிச் செலவைத் திருப்பித் தரணும். அவ்வளவுதான், ரொம்ப சிம்பிள்.”

“வீட்ல பொண்ணு தனியா இருக்காளே?”

மேசைக்கு அடியில் அவள் காலில் ஓர் உதை விழுந்தது. பக்கத்து நாற்காலியில் தம்பி. இதே கம்பெனியில் லாரி ஓட்டுபவன். அக்காவை இழுத்துக்கொண்டு வந்தவனே அவன்தான்.

“எங்க வீட்ல இருந்துக்குவா சார்,” என்றான். “என் மூணு பசங்களோட நாலாவதா. என் பொண்டாட்டிகிட்டயும் பேசியாச்சு.”

அவள் எழுந்தாள். “பயிற்சி வண்டியை ஒரு தடவை பார்க்கலாமா?”

மைதானத்தில் ஒரே ஒரு லாரி எட்டு போட்டுக்கொண்டிருந்தது. தகரக் கூரை நிழலில் நீளமாக ஒரு பெஞ்சு. பெஞ்சு நிறைய ஆட்கள். பாதிப் பேர் செல்போனில், ஒருவர் தூக்கத்தில். ஓரத்தில் இருந்த தடிக் கண்ணாடிக்காரரிடம் குனிந்து கேட்டாள்.

“இன்னைக்கு எவ்வளவு நேரம் ஓட்டினீங்க?”

“நானா? நான் நேத்தே ஓட்டிட்டேனே.”

“எவ்வளவு தூரம்?”

“அதோ, அந்த மூலை வரைக்கும். ரிவர்ஸ் போட்டேன், அதுக்குள்ள அடுத்தவன் முறை வந்துடுச்சு.”

“மத்த நேரமெல்லாம் என்ன பண்றீங்க?”

“பாத்துக் கத்துக்கறோம்,” என்று அவர் கொட்டாவி விட்டார்.

வெளியே வந்ததும் தம்பி குதித்தான். “ஏன்க்கா போலீஸ் மாதிரி விசாரிக்கறே? சும்மா கிடைக்கறதை வேணாங்கறியா?”

“டேய், மூணு வாரம் பெஞ்சுல உக்காந்து பாத்துட்டு, நாலாவது வாரம் நாப்பது டன்னைத் தூக்கிக் கையில குடுப்பான். நீச்சல் படம் பாத்துட்டுக் கடல்ல குதிக்கற ஆளா நான்?”

“நான் குதிக்கலையா?”

“நீ குதிச்சே. முதல் மாசமே பெட்ரோல் பங்க் கூரையைப் பேத்துக்கிட்டு வந்தே.”

தம்பி தலையைச் சொறிந்தான். கொஞ்ச தூரம் நடந்தான். பிறகு நின்றான்.

“உண்மையைச் சொல்லிடறேன்க்கா. ஆள் சேர்த்துவிட்டா எனக்குப் புது வண்டி தர்றேன்னு சொல்லியிருக்காங்க. ஏசி. பின்னாடி மெத்தை போட்ட படுக்கை. அதுக்காக மட்டும் கூப்பிடலை. ஆனா அதுக்காகவும்தான் கூப்பிட்டேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவனிடம் இதுதான் தொல்லை. கோபப்படவே விடமாட்டான்.

இரண்டாவது பயிற்சிப் பள்ளி, மரக்கடைகளுக்குப் பின்னால், மரத்தூள் பறக்கும் ஒரு காலி மனையில் இருந்தது. பள்ளி என்றால் ஒரு பழைய லாரி, ஒரு டிரெய்லர், நாலு நாற்காலி. லாரிக் கதவை இரண்டு முறை அறைந்து சாத்தினால்தான் மூடும். கற்றுத் தருகிறவள் அவளைவிடப் பத்து வயது சின்னவள். துறைமுகத்தில் கன்டெய்னர் இழுத்தவள். வாயில் எந்நேரமும் சூயிங்கம்.

“வேலை வாங்கித் தர்றேன்னெல்லாம் சொல்ல மாட்டேன்க்கா,” என்றாள். “ஒரு நேரத்துல நாலே பேர்தான். நாலு பேருக்கும் தினமும் ஸ்டீயரிங் கிடைக்கும். அதுக்குத்தான் நான் ஃபீஸ் வாங்கறேன்.”

“எவ்வளவு நாள் ஆகும்?”

“உங்களுக்கு ரிவர்ஸ் வர்ற வரைக்கும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. முதல் முதலாளி முக்கியம். அவன் அவசரப்படுத்தி, நீங்க முதல் வருஷமே எங்கயாவது இடிச்சீங்கன்னா, அதுக்கப்புறம் எந்த வாசல்லயும் உங்களைச் சேர்க்க மாட்டாங்க.”

அன்று மாலையே வேனை விற்றாள். வாங்கியவர் சாவியைக் கேட்டபோது, ‘இடது ஜன்னல் மக்கர் பண்ணும், தட்டிவிட்டுத் தூக்கணும்’ என்று சொல்லிக் கொடுத்தாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

டிரெய்லர் ஒரு விசித்திரப் பிராணி. முன்னால் போகும்போது பசுமாடு மாதிரி பின்னால் வரும். ரிவர்ஸ் போட்டதும் புத்தி மாறிவிடும். பின்பக்கம் வலது போக வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்ப வேண்டும். கொஞ்சம் கூடிப்போனால் லாரியும் டிரெய்லரும் கத்திரிக்கோல் மாதிரி மடங்கிக்கொள்ளும்.

“சொன்னதுக்கு எதிர்ப்பக்கமே போகுதே!” என்று ஒரு மாணவர் புலம்பினார்.

“எனக்குப் பழக்கம்தான்,” என்றாள் வேன் அக்கா. “எங்க வீட்ல ஒண்ணு வளருது.”

டிரெய்லர் மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. சந்தேகம் வந்தால் நிறுத்து, இறங்கு, பின்னால் போய்க் கண்ணால் பார், பிறகு ஏறு. மற்றவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு கண்ணாடியிலேயே சமாளித்தார்கள். அவள் வெட்கப்படவில்லை. வேனுக்குப் பின்னால் பிள்ளை நிற்கிறதா என்று தினமும் இறங்கிப் பார்த்தவளுக்கு இது புதிதா என்ன?

லைசென்ஸ் வந்தது.

வேலைதான் வரவில்லை. காலையில் போய் மாலையில் திரும்பும் வண்டிகள் ஊரில் இல்லாமலில்லை. சிமெண்ட், காய்கறி, கண்ணாடி. ஏறிய வாசலில் எல்லாம் ஒரே கேள்வி.

“ஒரு வருஷ அனுபவம் இருக்கா?”

“வேலை குடுத்தாத்தானே சார் அனுபவம் வரும்?”

“நியாயம்தான்மா. வேற எங்கயாவது போய் வாங்கிட்டு வாங்க.”

தம்பி மறுபடி வந்தான். இந்தத் தடவை குதிக்கவில்லை. “லைசென்ஸோட வந்தா ரெண்டு வருஷ ஒப்பந்தம் கிடையாதாம்க்கா. ஆனா மூணு வாரம் ரோடு, நாலு நாள் வீடு, அது மாறாது. புதுசா வர்றவங்களை எடுக்கற ஒரே கம்பெனி இதுதான். திங்கட்கிழமை சேரணும். என்ன சொல்லட்டும்?”

“வர்றேன்னு சொல்லு,” என்றாள். வேறு என்ன சொல்வது?

மகள் அழவில்லை. அடம் பிடிக்கவில்லை. “மாமா வீடு ஜாலியா இருக்கும்மா” என்று மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் கேட்காமலே சொன்னாள். பிறகு கட்டிலிலிருந்து தலையணையை எடுத்துத் தரையில் போட்டுப் படுத்தாள்.

“என்னடி இது?”

“மாமா வீட்ல எனக்குத் தரைதான். கட்டில்ல இடமில்ல. இப்பவே பழகிக்கறேன்.”

அவள் விளக்கை அணைத்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்தச் சமயத்தில்தான் பால் கம்பெனியில் ஒருவர் வேலையை விட்டுப் போனார் என்ற செய்தி, சூயிங்கம் பெண் மூலமாக வந்தது. பகல் வேலை. பண்ணைகளிலிருந்து பால் ஏற்றி வந்து ஆலையில் இறக்க வேண்டும். மறுநாள் காலை அவள் அந்த ஆலையின் வாசலில் நின்றாள்.

போக்குவரத்து மேனேஜர் கனத்த மனிதர். கையுறையால் விசிறிக்கொண்டே பேசினார். அனுபவம் இல்லை என்றதும் விசிறல் நின்றது.

“அப்புறம் எதுக்கும்மா வந்தீங்க?”

“ஒரு தடவை ஓட்டிக் காட்டறேன் சார். பிடிக்கலைன்னா போகச் சொல்லுங்க. போயிடறேன்.”

மேலும் கீழும் பார்த்தார். என்ன நினைத்தாரோ, “அந்த நாலாம் நம்பர் டேங்கர்ல பாதிக்குத் தண்ணி பிடிங்கப்பா!” என்று கத்தினார்.

டேங்கருக்கு நடக்கும் வழியில் அவரே விளக்கினார். “எண்ணெய் டேங்கருக்கு உள்ளே தடுப்புச் சுவர் இருக்கும். பால் டேங்கருக்குக் கிடையாது. தடுப்பு இருந்தா மூலையில அழுக்கு தங்கும், கழுவ வராது. அதனால உள்ளே ஒரே வழவழப்பு. முழுசா நிரப்பினா தண்ணிக்கு ஓட இடமில்லை. அரைதான் எமன். நீங்க நின்னுடுவீங்க, தண்ணி நிக்காது. புரியுதா?”

“புரியுது சார்.”

புரிந்துதான் இருந்தது. தலைக்குப் புரிந்திருந்தது. காலுக்கு யாரும் சொல்லவில்லை.

பாலம் தாண்டினாள். வளைவில் நிதானம். பக்கத்து இருக்கையில் மேனேஜர் விசிறிக்கொண்டே தலையை ஆட்டினார். கடைத்தெரு சிக்னலில் சிவப்பு விழுந்தது. தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, கோட்டுக்கு ஒரு கை முன்னால் அழகாக நிறுத்தினாள்.

நிறுத்தும் அந்தக் கடைசி நொடியில், பிரேக்கை ஒரு பூவளவு தளர்த்தினாள்.

அது அவள் கால் வேனில் கற்ற வித்தை. முழு அழுத்தத்தில் நின்றால் வண்டி வெடுக்கென்று குலுங்கும், பிள்ளைகளின் நெற்றி முன்சீட்டில் மோதும். கடைசியில் கொஞ்சம் தளர்த்தினால் பால் கிண்ணத்தை மேசையில் வைத்த மாதிரி நிற்கும். எத்தனை அம்மாக்கள் அதற்காகவே அவள் வேனைத் தேடி வந்திருக்கிறார்கள்!

ஒரு நொடி நிசப்தம்.

பிறகு, பின்னாலிருந்து, தொம்!

டேங்கர் முழுவதும் முன்னால் பாய்ந்தது. கோட்டைத் தாண்டியது. ஆட்கள் கடக்கும் பாதையில் ஏறியது. எதிரே ஒரு தள்ளுவண்டி. தள்ளுவண்டிக்குள் ஒரு குழந்தை. தள்ளிக்கொண்டு போன பெண் சிலையானாள்.

இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தாள். காற்று சீறியது. வண்டி நின்றது. பின்னால் தண்ணீர் திரும்பிப் போய், மறுபடி வந்து, மறுபடி முட்டியது. இந்தத் தடவை கால் நகரவில்லை.

பம்பருக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவில் ஓர் ஆள் நுழையலாம். அவ்வளவுதான் இடைவெளி.

அந்தப் பெண் நிமிர்ந்து அவளையே பார்த்தாள். பம்பரை உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை அறைந்துவிட்டு, தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அந்த அறை தன் கன்னத்திலேயே விழுந்த மாதிரி இருந்தது இவளுக்கு.

மேனேஜர் விசிறவில்லை. “வண்டியைத் திருப்புங்க,” என்றார்.

ஆலைக்குள் வந்ததும், “அந்த ரெண்டு டேங்கருக்கு நடுவுல விட்டுட்டு இறங்குங்க,” என்று சொல்லிவிட்டுப் போய் நிழலில் நின்றுகொண்டார். நடுங்கும் கையோடு ரிவர்ஸ் எடுக்கக்கூடாது. என்ஜினை அணைத்தாள். இறங்கினாள். பின்னால் போய்ப் பார்த்தாள். ஏறினாள். பாதியில் நிறுத்தி மறுபடி இறங்கிப் பார்த்தாள். டேங்கர் இரண்டு வண்டிகளுக்கு நடுவே கோடு போட்ட மாதிரி போய் உட்கார்ந்தது.

“நீங்க தேறலைம்மா,” என்றார் மேனேஜர்.

“தெரியும் சார். நானா இருந்தாலும் என்னை எடுக்க மாட்டேன்.”

அவர் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் படாரென்று ஒரு சத்தம். வண்டிகள் நிற்கும் யார்டின் மறுகோடியில், டேங்கர்களை இழுத்து நகர்த்தும் சின்ன லாரி, நின்றுகொண்டிருந்த ஒரு டேங்கரின் பக்கக் கண்ணாடியைப் பெயர்த்திருந்தது.

“எவன்டா அவன்?”

சின்ன லாரியிலிருந்து ஓர் ஓட்டுநர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினார். “போன வாரம் லேட்டா வந்ததுக்கு என்னை யார்டுல போட்டது நீங்க. இந்த வேலையை மனுஷன் பார்ப்பானா? கண்ணாடி போச்சுன்னா நான் என்ன பண்றது?”

“இந்த வாரத்துல மூணாவது கண்ணாடிடா!”

வேன் அக்கா குறுக்கிட்டாள். “அது என்ன சார் வேலை?”

“வேலையில்லம்மா, தண்டனை,” என்று மேனேஜர் எரிந்து விழுந்தார். “காலி டேங்கரைக் கழுவற இடத்துல விடணும், கழுவினதை எடுத்து வரிசையில நிறுத்தணும். நாள் முழுக்க முன்னால, பின்னால. கேட்டைத் தாண்ட முடியாது. இவங்களுக்கெல்லாம் அது கௌரவக் குறைச்சல். அதனால யார் லேட்டா வர்றானோ, யார் சண்டை போடறானோ, அவனை ஒரு வாரம் அதுல போட்டுடுவேன்.”

“எதுவரைக்கும் அந்தத் தண்டனை? நேரத்தைக் கேக்கறேன்.”

“காலையில ஏழுலருந்து சாயங்காலம் அஞ்சு. ஏன்?”

“அதை எனக்குக் குடுங்க.”

உடைந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்த ஓட்டுநர் திரும்பினார். மேனேஜர் சிரித்துவிட்டார். “ஏம்மா, கேட்டு வாங்கிக்கற தண்டனையை இன்னைக்குத்தான் பாக்கறேன்.”

“தண்டனையா வேணாம் சார். வேலையா குடுங்க. ஓட்டுநர்னே எழுதிக்குங்க. இவங்க யாருக்கும் யார்டு பிடிக்கலை, அதான் தினமும் ஏதாவது உடையுது. ஒரு நாளைக்கு எத்தனை ரிவர்ஸ் எடுக்கணும்?”

“நாப்பது, அம்பது.”

“ஹைவேயில ஓட்டறவன் ஒரு மாசத்துல அவ்வளவு எடுப்பானா? அது அனுபவம் இல்லையா?”

“சம்பளம் குறைச்சல்மா.”

“வேன்ல மட்டும் கொட்டியா குடுத்தாங்க? இன்னொண்ணும் கேக்கறேன். வாரத்துல ஒரு தடவை எனக்கு அரை டேங்கர் தண்ணி பிடிச்சுக் குடுங்க. இந்த யார்டுக்குள்ளயே சுத்தறேன். என் கால் பழகினதை மறக்கணும்.”

மேனேஜர் யார்டின் மறுகோடிக்குப் போனார். உடைந்த கண்ணாடியின் அருகே குனிந்தார். சில்லுகளை ஷூவால் ஓரமாகத் தள்ளினார். நிமிர்ந்து, அவள் நிறுத்திய டேங்கரை ஒரு தடவை பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி. அவர் ‘இல்லை’ என்றால் திங்கட்கிழமை நீண்ட ரோடு. மகளுக்கு மாமா வீடு.

திரும்பி வந்தார். கையுறை மறுபடி விசிறத் தொடங்கியிருந்தது.

“யார்டுக்குன்னு தனியா ஆள் எடுத்ததே கிடையாது. பரவால்ல, திங்கட்கிழமை வாங்க. ஆனா அந்தத் தண்ணி உங்க பேச்சைக் கேக்கற வரைக்கும் கேட்டுக்கு வெளியே ஒரு சக்கரம் போகக்கூடாது. ஆறு மாசம் ஆனாலும் சரி, ஒரு வருஷம் ஆனாலும் சரி.”

“போகாது சார்.”

பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே தம்பிக்குப் போன் செய்தாள். முழுவதும் கேட்டான். பிறகு வெடித்தான்.

“நாலு சுவத்துக்குள்ள சுத்தறதுக்கா வேனை வித்தே?”

சுருக்கென்று தைத்தது. தொலைபேசியின் மறுமுனையில் கொஞ்ச நேரம் லாரிச் சத்தம் மட்டும்.

“அக்கா... இருக்கியா?”

“இருக்கேன்டா.”

“தப்பா சொல்லிட்டேன். விடு. பாப்பாகிட்ட சொல்லிட்டியா?”

“இன்னும் இல்லை.”

“முதல்ல அவகிட்ட சொல்லு. என் ஏசி வண்டி போச்சு, போய்த் தொலையட்டும். ஜன்னலைத் திறந்து விட்டுக்கறேன். நமக்கென்ன காத்துக்கா பஞ்சம்?”

வீட்டில் மகள் துணிகளை மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“திங்கட்கிழமையிலருந்து வேலைடி.”

“தெரியுமே,” என்றாள் தலை தூக்காமல். “மாமா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமையே போயிடவா?”

“போக வேணாம். இது வேற வேலை. அஞ்சு மணிக்கு முடிஞ்சிடும்.”

கைகள் நின்றன. “என்னைக்கு அஞ்சு மணி?”

“தினமும் அஞ்சு மணி.”

மகள் நம்பாமல் பார்த்தாள். “பெரிய லாரியா?”

“சின்ன லாரி. யார்டுக்குள்ளயே ஓட்டணும். வெளியே விட மாட்டாங்க.”

“ஏன்? ரொம்ப மோசமா ஓட்டினியா?”

“ஆமா.”

“எவ்வளவு மோசம்?”

மறைக்கலாம் என்றுதான் நினைத்தாள். வாய் தானாகத் திறந்துகொண்டது. சிக்னல், தொம்மென்ற சத்தம், தள்ளுவண்டி, பம்பரில் விழுந்த அறை, எல்லாவற்றையும் சொன்னாள். மகள் பையை நகர்த்திவிட்டு, ஒட்டி உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நல்லவேளை,” என்றாள்.

“எது? குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே, அதுவா? இல்ல, நான் டெஸ்ட்ல தேறலையே, அதுவா?”

மகள் கொஞ்சம் யோசித்தாள்.

“ரெண்டும்தாம்மா. அத்தைக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிடு. ஜாலியா இருக்கும் ஜாலியா இருக்கும்னு நான் அவங்ககிட்டயும் நிறைய பொய் சொல்லி வெச்சிருக்கேன்.”